வட்டியும் வாடகையும்: ஜான் வீட்லியின் அரசியல் வாழ்வு

1. கேள்வி

பிரிட்டனில் தொழிற்கட்சி முதன்முதலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1924-ஆம் ஆண்டு ஜனவரியில். அவ்வாண்டு நவம்பர் தொடக்கத்திலேயே அந்த ஆட்சி முடிந்துவிட்டது. பார்லிமெண்டில் 191 ஸ்தானங்களே பெற்று, லிபரல் கட்சியாரின் தயவில் காலந்தள்ளிய அந்தச் சர்க்கார், உள்நாட்டு விவகாரங்களில் நிலைத்து நிற்கும்படியாகச் செய்த பெருங்காரியம் ஒன்றுதான் என்பது சரித்திராசிரியர்களுள் பெரும்பாலோரின் அபிப்பிராயம். சுகாதார மந்திரியாயிருந்த ஜான் வீட்லி நிறைவேற்றிய வீட்டு வசதிச் சட்டமே அது. மிதவாதிகள் மலிந்திருந்த அந்த மந்திரிசபையில், தீவிரவாதி என்று பத்திரிகைகளால் தூற்றப்பட்டவரும் வீட்லியே. மற்றவர்கள் நிதானத்தையே மூலதனமாகக் கொண்டு பதவியில் அமர்ந்து, சொல்லிக்கொள்ளும்படியான காரியம் அதிகமின்றி வெளியேறினார்கள். புரட்சிக்காரர் என்று அஞ்சப்பட்டவரோ, முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து உடன்படிக்கை செய்து, அடுத்து வந்த கன்ஸர்வேடிவ் சர்க்காரும் ரத்துச் செய்யத் துணியாத ஒரு சட்டத்தை விட்டுச் சென்றார்.

தீவிரவாதியும் சட்ட நிபுணரும் ஒரே மனிதரிடம் எவ்வாறு குடியிருந்தார்கள்? மந்திரி பதவி அவரை மாற்றியதா, அல்லது அவர் ஆதியிலிருந்தே கொண்டிருந்த ஒரு கருத்து அப்பதவியில் செயல் வடிவம் பெற்றதா? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இதுவரை கூறப்பட்டவை

வீட்லியைப் பற்றிய கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, 'செந்நிறக் கிளைடு' என்று பெயர்பெற்ற ஐதீகத்தைச் சார்ந்தது. கிளைடு நதிக்கரையின் கப்பல் பட்டறைகளும் ஆயுதச் சாலைகளும் முதல் உலக யுத்தக் காலத்தில் புரட்சியின் விளிம்புவரை சென்றன என்றும், அந்த எழுச்சியின் குரலாகப் பார்லிமெண்டுக்குச் சென்றவர்களுள் மூளையாக இருந்தவர் வீட்லி என்றும் இது சொல்லும். மிடில்மாஸ் 1965-இல் வெளியிட்ட 'கிளைடுசைடர்கள்' என்ற நூல் இந்தக் குழுவினரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒரே கதையாகத் தொடுத்துக் காட்டியது.

இரண்டாவது, இந்த ஐதீகத்தையே சந்தேகிப்பது. இயன் மக்லீன் 1983-இல் எழுதிய நூல், பட்டறைகளில் நடந்த கிளர்ச்சிக்கும் பின்னர் கிடைத்த தேர்தல் வெற்றிக்கும் உள்ள தொடர்பு நாம் நினைக்கும் அளவுக்கு நெருக்கமானதன்று என்றும், வாடகைப் பிரச்சினையும் ஐரிஷ் கத்தோலிக்கரின் வாக்குகளுமே கிளாஸ்கோவைத் தொழிற்கட்சியின் பக்கம் திருப்பின என்றும் வாதித்தது. மூன்றாவது வகையினர், டேவிட் ஹவல், இயன் வுட் முதலியோரைப் போல, வீட்லியைத் தனி மனிதராக எடுத்துக்கொண்டு, அவருடைய கத்தோலிக்க நம்பிக்கையும் ஐரிஷ் பிறப்பும் சோஷலிஸமும் எவ்வாறு பிணைந்தன என்று விசாரித்தார்கள்.

இவற்றுள் இரண்டாவது கருத்தே ஆதார பலம் மிக்கது என்பது என் துணிபு. ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. வாடகைப் பிரச்சினை வாக்குகளைத் திரட்டியது என்று சொல்வது எளிது. அப்பிரச்சினையை வீட்லி எவ்வகையில் புரிந்துகொண்டார் என்பதை விளக்காமல், 1924-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் அந்த உருவத்தில் பிறந்தது என்பதை விளக்க இயலாது.

3. சுரங்கமும் அச்சுக்கூடமும்

வீட்லி 1869-ஆம் ஆண்டு மே மாதம் அயர்லாந்தில், வாட்டர்போர்டு ஜில்லாவைச் சேர்ந்த பொன்மாஹன் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாயிருக்கும்போதே குடும்பம் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் நிலக்கரிப் பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்தது. தண்ணீர்க் குழாயோ சாக்கடையோ இல்லாத ஒற்றையறை வீட்டில், பெற்றோரும் குழந்தைகளும் போதாதென்று வாடகைக்கு இடம்பெற்ற அந்நியரும் சேர்ந்து வசித்த சூழ்நிலையிலே அவர் வளர்ந்தார். பன்னிரண்டு வயதுக்குள்ளாகவே சுரங்கத்தில் இறங்கி, இருபது வயதுக்குப் பின்னும் சில ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

பின்னர் கடை வியாபாரம் செய்து பார்த்து, கிளாஸ்கோவின் கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் திரட்டும் வேலையில் அமர்ந்து, இறுதியில் சொந்தமாக ஓர் அச்சுத் தொழிலை ஆரம்பித்து அதில் செல்வரானார். இதனைச் சிலர் முரண்பாடாகச் சுட்டுவதுண்டு. நம்முடைய ஆராய்ச்சிக்கோ இது மிக முக்கியமான சான்று. அடக்க விலை, கடன், வட்டி, லாபம் ஆகியவற்றைப் புத்தகத்தில் படித்தறிந்த சோஷலிஸ்டுகள் அக்காலத்தில் பலர் இருந்தார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து அறிந்தவர்கள் சிலரே. வீட்லி அச்சிலரைச் சேர்ந்தவர்.

ஐரிஷ் சுயாட்சிக் கிளர்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர் 1906-ஆம் ஆண்டில் கத்தோலிக்க சோஷலிஸ்ட் சங்கத்தை ஸ்தாபித்து, அதையொட்டி, தொழிற்கட்சியுடன் இணைந்திருந்த சுதந்திரத் தொழிற்கட்சியிலும் சேர்ந்தார். திருச்சபை கண்டித்த நாஸ்திக சோஷலிஸம் வேறு, ஏழைக்கு நியாயம் கேட்கும் பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்கம் வேறு என்பது அவர் வாதம். பாதிரிமார்களில் பலர் இதை ஏற்கவில்லை. 1912-ஆம் ஆண்டில், கிளாஸ்கோவை ஒட்டி அவர் வசித்த ஷெட்டில்ஸ்டனில் அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்களே திரண்டு வந்து, அவர் வீட்டெதிரே அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அவர் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பூசைக்குச் சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மதத்தையும் விடாமல் கொள்கையையும் விடாமல் நின்ற இந்தப் பிடிவாதமே, பிற்காலத்தில் ஐரிஷ் தொழிலாளரைத் தொழிற்கட்சிக்குக் கொண்டுவந்து சேர்த்த பாலமாயிற்று.

4. எட்டுப் பவுன் வீடு

வீட்லியின் சிந்தனையை அறிய, அவர் காலத்துக் கிளாஸ்கோவின் குடியிருப்பை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். நான்கு மாடிக் கல் கட்டடங்கள். ஒரு பொது நடை. மாடிப்படித் திருப்பத்தில் பல குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு கழிப்பிடம். உள்ளே, சுவரில் குடைந்த மாடத்தில் படுக்கையோடு கூடிய ஒற்றை அறை, அல்லது ஓர் அறையும் சமையலறையும். 1911-ஆம் ஆண்டு ஜனக் கணக்குப்படி நகர ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகைய ஓரறை, ஈரறை வீடுகளில் வசித்தனர். மிகச் சிறிய வீடுகளின் கதவில் நகரசபையார் ஒரு தகரத் தகட்டைப் பதித்திருந்தார்கள். வீட்டின் கன அளவும், அதற்குள் எத்தனை பேர் உறங்கலாம் என்ற கணக்கும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். சுகாதார இன்ஸ்பெக்டர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டித் தலைகளை எண்ணுவார்கள். கணக்குக்கு மிஞ்சியவர்கள் அலமாரிக்குள்ளும் கூரைமீதும் ஒளிந்துகொள்வார்கள். நெரிசலைக் குற்றமாகக் கருதிய அதிகாரம், நெரிசலுக்குக் காரணமான வாடகையைக் குற்றமாகக் கருதவில்லை.

1910-இல் ஜில்லா சபை அங்கத்தினராகி, 1912-இல் ஷெட்டில்ஸ்டன் கிளாஸ்கோவுடன் இணைக்கப்பட்டதும் நகரசபைக்குள் வந்த வீட்லி, 1913-இல் 'கிளாஸ்கோ ஜனங்களுக்கு எட்டுப் பவுன் குடில்கள்' என்னும் திட்டத்தை ஒரு துண்டுப் பிரசுரமாக வெளியிட்டார். வருஷத்துக்கு எட்டுப் பவுன், அதாவது வாரத்துக்குச் சுமார் மூன்று ஷில்லிங் வாடகையில் தொழிலாளிக்குத் தனி வீடு கட்டிக் கொடுக்க இயலும் என்பது அதன் சாரம். பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர் தயாராக ஒரு விடை வைத்திருந்தார். கிளாஸ்கோவின் டிராம் வண்டிகள் நகரசபைக்கே சொந்தமானவை. அவை ஆண்டுதோறும் உபரி வருமானம் ஈட்டின. அந்த உபரியை வட்டியில்லாத முதலாக வீட்டு வசதிக்குத் திருப்பிவிட்டால், வாடகையில் பெரும்பகுதியை விழுங்கும் வட்டி ஒழிந்துபோகும்.

இத்திட்டத்தை நகரசபை ஏற்கவில்லை. ஆனால் இதன் தர்க்கம் கவனிக்கத்தக்கது. வீட்டுக்காரரின் பேராசையைத் திட்டுவதே அக்காலத்துப் பிரசங்கங்களின் பொது வழக்கம். வீட்லியோ கணக்கைப் பிரித்துக் காட்டினார்: கல்லுக்கும் மரத்துக்கும் கொத்தனாரின் கூலிக்கும் ஆகும் செலவு ஒரு முறைதான்; அந்தச் செலவின் மீதான வட்டியோ ஒரு தலைமுறைக்கு மேல் குடியிருப்பவனைத் தொடர்கிறது. ஆகவே தொழிலாளிக்கு உண்மையான வீட்டுக்காரன், வாடகை வசூலிக்க வரும் ஏஜெண்டு அல்லன், வட்டியே. அவருடைய பிற்காலச் செயல்களுக்கெல்லாம் இதுவே திறவுகோல் என்று கருதுகிறேன்.

5. யுத்தமும் வாடகைக் கிளர்ச்சியும்

யுத்தம் வந்ததும் ஆயுதச் சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். 1915-இல் கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய பெண்கள் தலைமை தாங்கி, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தார்கள். வீட்டைக் காலி செய்விக்க அமீனா வரும்போது ஒருத்தி மணியை அடிப்பாள். மாடிகளிலிருந்து பெண்கள் இறங்கிவந்து, மாவை வாரி இறைத்து அவனைத் துரத்துவார்கள். ஷெட்டில்ஸ்டனில், போர்முனையிலிருந்த ஒரு சிப்பாயின் குடும்பத்தைச் சொற்ப வாடகை பாக்கிக்காகத் தெருவில் நிறுத்த முயன்றபோது, எதிர்ப்பைத் திரட்டி நின்றவர் வீட்லி. நவம்பர் 17-ஆம் தேதி, பாக்கிக்காகக் கோர்ட்டுக்கு அழைக்கப்பட்ட தொழிலாளரை ஆதரித்து ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி ஊர்வலம் சென்றார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் வாடகையையும் அடமான வட்டியையும் யுத்தத்துக்கு முந்திய நிலையில் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது.

இந்த வெற்றி முழுவதையும் வீட்லிக்கு உரிமையாக்குவது நியாயமாகாது. தெருவில் போரிட்டவர்கள் பெண்கள். அவர் அதற்குப் பத்திரிகை எழுத்தாலும் நகரசபை விவாதத்தாலும் துணைநின்றார். அவருடைய தனித் திறமை வேறோரிடத்தில் வெளிப்பட்டது. 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தேர்ச்சி பெறாதவர்களையும் பெண்களையும் ஆயுதச் சாலைகளில் வேலைக்குச் சேர்ப்பது குறித்துச் சர்க்காருக்கும் தொழிலாளருக்கும் பெருந்தகராறு நேர்ந்தது. அப்போது பார்க்ஹெட் ஆலையில் தொழிலாளர் தலைவராயிருந்த டேவிட் கர்க்வுட்டுக்காக ஓர் உடன்படிக்கை நகலை எழுதித் தந்தவர் வீட்லி. புதியவர்கள் வரலாம், ஆனால் அதனால் கூலி குறையக்கூடாது, தொழிலாளரின் கமிட்டி மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. யுத்தத்தையே எதிர்த்தவர் ஆயுத உற்பத்திக்கான உடன்படிக்கையை எழுதலாமா என்று தீவிரவாதிகள் கேட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின் கட்டடத் தொழிலில் அவர் செய்யப்போகும் சமரசத்தின் முன்மாதிரியை இங்கே காண்கிறோம்.

1922 நவம்பரில், வீட்டுக்காரர்கள் முறைப்படி நோட்டீஸ் கொடுக்காமல் உயர்த்தி வசூலித்த வாடகை செல்லாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தேர்தலுக்கு இரண்டு வாரமும் இல்லை. கொடுத்த வாடகை திரும்பக் கிடைக்கும் என்ற செய்தி தெருத்தெருவாகப் பரவியது. கிளாஸ்கோவின் 15 தொகுதிகளில் 10 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. வீட்லி வெற்றிபெற்ற ஷெட்டில்ஸ்டன் அவற்றுள் ஒன்று. மக்லீனின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

6. 1924-ஆம் ஆண்டுச் சட்டம்

மந்திரியானதும் வீட்லி எதிர்கொண்ட நிலைமை இதுதான். 1919-இல் அப்போதைய சுகாதார மந்திரி அடிசன் கொண்டுவந்த சட்டம் சர்க்கார் கஜானாவை எல்லையின்றித் திறந்துவிட்டதால், கட்டடச் செலவு தாறுமாறாக ஏறி, அத்திட்டம் 1921-இல் நிறுத்தப்பட்டது. 1923-இல் நெவில் சேம்பர்லின் கொண்டுவந்த சட்டம் வீட்டுக்கு ஆண்டுக்கு 6 பவுன் வீதம் 20 ஆண்டுகளுக்கு மானியம் அளித்தாலும், பெரும்பாலும் விற்பனைக்கு வீடு கட்டும் தனியாருக்கே பயன்பட்டது. தேர்ச்சி பெற்ற கொத்தனார்களும் பூச்சு வேலைக்காரர்களும் போதவில்லை; புதியவர்களைச் சேர்க்கச் சங்கங்கள் அஞ்சின. அடுத்த மந்தநிலையில் வேலையற்று நிற்பவர்கள் தாங்களே என்பது அவர்களுடைய அனுபவம்.

வீட்லி இந்த அச்சத்தை நியாயமென்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய பரிகாரத்தைத் தேடினார். 15 ஆண்டுகளில் 25 இலட்சம் வீடுகள் என்ற நீண்ட காலத் திட்டத்தை முன்வைத்து, வேலை நிலையாக இருக்கும் என்று சங்கங்களுக்கும், வாங்குவோர் நிச்சயம் என்று முதலாளிகளுக்கும் உறுதியளித்தார். பதிலுக்குச் சங்கங்கள் தொழில் பழகுவோரை அதிகமாகச் சேர்க்க இசைந்தன. மானியம் வீட்டுக்கு ஆண்டுக்கு 9 பவுன், விவசாயப் பகுதிகளில் 12 பவுன் 10 ஷில்லிங், அதுவும் 40 ஆண்டுகளுக்கு. ஸ்தல ஸ்தாபனங்கள் மேலும் 4 பவுன் 10 ஷில்லிங் வரை சேர்க்க வேண்டும். வீடுகள் வாடகைக்கே விடப்பட வேண்டும். வாடகை யுத்தத்துக்கு முந்திய தொழிலாளர் வீட்டு வாடகையை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இந்த எண்களை 1913-ஆம் ஆண்டுப் பிரசுரத்துக்கு அருகில் வைத்துப் பார்ப்போம். 9 பவுனும் 4 பவுன் 10 ஷில்லிங்கும் சேர்ந்து 13 பவுன் 10 ஷில்லிங். வாரத்துக்கு ஐந்து ஷில்லிங்குக்குச் சற்று அதிகம். உதாரணமாக 400 பவுனில் கட்டிய வீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்று கொண்டால், ஆண்டு வட்டி 20 பவுன். மானியம் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. வட்டியை ஒழிக்க முடியாத மந்திரி, வட்டியின் பெரும்பங்கைக் குடியிருப்பவன் தோளிலிருந்து இறக்கி ராஜ்யத்தின் தோளில் ஏற்றினார். டிராம் உபரியின் இடத்தில் கஜானா வந்தது, சித்தாந்தம் மாறவில்லை.

தம்முடைய திட்டம் சோஷலிஸமன்று என்பதை வீட்லியே சபையில் மறைக்காமல் கூறினார். நாடு அதற்கு இன்னும் தயாராகவில்லை என்பது அவர் சொன்ன சமாதானம். எதிர்க்கட்சியார் இதைக் கேட்டு ஆறுதலடைந்தார்கள். அவருடைய தோழர்களில் சிலர் முகஞ்சுளித்தார்கள்.

7. சட்டத்தின் குறைகள்

புகழ் மட்டும் பாடுவது ஆராய்ச்சியாகாது. முதலாவதாக, கட்டடச் சாமான்களின் விலையைக் கட்டுப்படுத்த வீட்லி கொண்டுவந்த மசோதா நிறைவேறுவதற்குள் சர்க்கார் கவிழ்ந்தது. செங்கல், சிமெண்டு வியாபாரிகளைத் தொடாத மானியத்தின் ஒரு பகுதி அவர்கள் பையில் விழும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்கும் ஏற்பாடு காகிதத்தோடு நின்றது. வேலையற்ற குடித்தனக்காரரை வெளியேற்றாமல் காக்கும் ஷரத்தும் 1924 ஏப்ரலில் சபையில் தோல்வியுற்றது. வாடகை பாக்கியின் சுமையை வீட்டுக்காரர் தலையில் வைப்பதா என்ற கேள்விக்குச் சர்க்கார் தரப்பில் திருப்தியான விடை இல்லை.

இரண்டாவது குறை ஆழமானது. மானியம் போக மீதியிருந்த வாடகையை ஒழுங்காகக் கொடுக்க வல்லவர்கள் தேர்ச்சி பெற்ற தொழிலாளரும், நிலையான சம்பளக்காரருமே. கிளாஸ்கோவின் நைட்ஸ்வுட் போன்ற தோட்டக் குடியிருப்புகள் 1920-களில் எழுந்தபோது, அங்கே குடிபுகுந்தவர் பெரும்பாலும் அவர்கள்தாம். தகரத் தகடு பதித்த கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். சேரி ஒழிப்புக்கென்று தனிச் சட்டம் வர 1930 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வட்டியைக் கண்ட வீட்லியின் பார்வை, வட்டியே இல்லாவிடினும் வாடகை கொடுக்க இயலாதவனை முழுவதும் காணவில்லை.

மூன்றாவது, அவருடைய மத நம்பிக்கை அவரைக் கட்டிப்போட்ட இடமும் உண்டு. தாய்சேய் நல நிலையங்களில் கர்ப்பத்தடை பற்றி ஆலோசனை கூற அனுமதிக்க வேண்டுமென்று 1924 மே மாதத்தில் ஹெச். ஜி. வெல்ஸ், டோரா ரஸ்ஸல் முதலியோர் அடங்கிய தூதுக்குழு அவரைக் கேட்டபோது, அவர் மறுத்துவிட்டார். ஓரறை வீட்டில் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் தாய்மாரின் துன்பத்தைத் தம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர் என்பதால், இந்த மறுப்பு மேலும் கடுமையாகத் தோன்றுகிறது.

எனினும் விளைவுகளை எடைபோடும்போது தராசு ஒரு பக்கம் தாழ்கிறது. 1924 முடிவில் மீண்டும் சுகாதார மந்திரியான சேம்பர்லின், மானியத்தைப் பின்னர் குறைத்தாரேயன்றிச் சட்டத்தை நீக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1933-இல் அது முடிவதற்குள், ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகள் எழுந்திருந்தன. உத்தேசித்த 25 இலட்சத்தில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் வாடகை வீடு கட்டுவது நகரசபைகளின் நிரந்தரக் கடமை என்ற கொள்கை இதனாலேயே வேரூன்றியது.

8. கடைசி ஆண்டுகள்

ஆட்சி கவிழ்ந்தபின் வீட்லி கட்சித் தலைவர் ராம்ஸே மக்டொனால்டுடன் ஒத்துப்போக மறுத்துப் பின்வரிசைக்குச் சென்றார். 1922-இல் மக்டொனால்டைத் தலைவராக்கியதில் கிளைடுசைடர்களின் வாக்குகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. அந்தத் தேர்வுக்காக அவர்கள் பின்னர் வருந்தினார்கள். தொழிலாளியின் கூலியை உயர்த்தி அவனுடைய வாங்கும் சக்தியைப் பெருக்கினாலன்றி மந்தநிலை தீராது என்று வீட்லி இடைவிடாது வாதித்தார். 1926-இல் பொது வேலைநிறுத்தத்தையும் சுரங்கத் தொழிலாளரையும் ஆதரித்தார். 1928-இல் சுரங்கத் தொழிலாளர் தலைவர் குக், சுதந்திரத் தொழிற்கட்சித் தலைவர் மாக்ஸ்டன் இருவரும் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னணியில் நின்றார். 1929-இல் தொழிற்கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1930 மே 12-ஆம் தேதி மூளையில் இரத்தக் குழாய் வெடித்து ஷெட்டில்ஸ்டனில் காலமானார்.

அவர் உயிரோடிருந்தால் சுதந்திரத் தொழிற்கட்சி 1932-இல் தொழிற்கட்சியிலிருந்து பிரிந்து நலிந்திராது என்று சிலர் ஊகிக்கிறார்கள். கடைசி ஆறு ஆண்டுகளின் போக்கைப் பார்த்தால் அந்த ஊகத்துக்குப் பலமில்லை. உடன்படிக்கை செய்யும் திறமை அவருக்கு இருந்தது. அதைப் பிரயோகிக்க ஒரு பதவி வேண்டியிருந்தது. கட்சிக்குள் நண்பர்களைச் சேர்த்துப் பொறுமையாகப் பெரும்பான்மையைத் திரட்டும் பணியில் அவர் கவனம் செலுத்தியதாகத் தெரியவில்லை.

9. முடிவு

வீட்லியிடம் இரண்டு மனிதர்கள் இல்லை என்பதே இந்த ஆராய்ச்சியின் தீர்ப்பு. 1913-இல் எட்டுப் பவுன் வீட்டுக்குக் கணக்குப் போட்டவரும், 1916-இல் ஆலை உடன்படிக்கையை எழுதியவரும், 1924-இல் நாற்பதாண்டு மானியத்தை நிர்ணயித்தவரும் ஒருவரே. தொழிலாளியின் வருமானத்தை அளவாக வைத்து, முதலின் விலையை அதற்குள் அடக்க வேண்டும் என்பதே மூன்றிலும் அவருடைய கோட்பாடு. அவருடைய தீவிரம் நோக்கத்தில் இருந்தது. நிதானம் கணக்கில் இருந்தது. அச்சட்டத்தின் வெற்றிக்கும், பரம ஏழையை அது எட்டாமற்போன தோல்விக்கும் காரணம் அந்தக் கணக்கே. ஏழைகளுக்கு வீடு கட்டுவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் மதிப்பிட விரும்புவோர், கட்டிய வீடுகளின் தொகையைக் கேட்பதற்கு முன், வட்டியை யார் சுமக்கிறார்கள் என்றும் வாடகையை யாரால் கொடுக்க முடிகிறது என்றும் கேட்பார்களாக.